தனியாக வெளியே போகக்கூடாது

என் வீட்டு மாடி அறையை மிஷன்காரர்களுக்கு வாடகைக்கு விட்டேன் என்றால் அதற்குக் காரணம் பக்தி இல்லை. எனக்கும் கடவுளுக்கும் பெரிய போக்குவரத்து கிடையாது. அவர் வேலையை அவர் பார்க்கிறார், என் வேலையை நான் பார்க்கிறேன். மிஷன் பையன்கள் குடிக்க மாட்டார்கள், பாட்டை அலறவிட மாட்டார்கள், சுவரில் ஓர் ஆணி அடிப்பதானாலும் கீழே வந்து கேட்டுவிட்டுத்தான் அடிப்பார்கள். வீட்டுக்காரிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

கீழே முன்னறையில் என் தையல்கடை. வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டுகிற ஊரில் புதுத்துணி தைக்க எவர் வருவார்? கோட்டுக்கு ஜிப் மாற்ற வருவார்கள், கோட்டுக்குள்ளே கிழிந்த உள்துணியைத் தைக்க வருவார்கள், அப்பன் கோட்டை வெட்டி மகனுக்குச் சின்னதாக்க வருவார்கள். கடைக்குப் பக்கத்திலேயே மாடிப்படி. மாடிக்குப் போகிறவர், வருகிறவர் யாரும் என் கண்ணில் படாமல் போக முடியாது. ஹீட்டர் குழாய் மேலே ஏறுகிற இடத்தில் கூரையில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதை அடைக்க வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடைக்கவில்லை. மேலே பேசுவது கீழே கேட்கும். ஒட்டுக்கேட்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் வீட்டு ஓட்டை, என் காது.

அறையைப் பார்க்க வந்த அன்றே மிஷன் ஐயா விதியைச் சொல்லிவிட்டார். எப்போதும் இரண்டு பேர்தான் இருப்பார்கள், எங்கே போனாலும் இரண்டு பேராகத்தான் போவார்கள், ஒருவர் மட்டும் வாசலைத் தாண்டக்கூடாது.

"நுகத்தடியில பூட்டின மாடு மாதிரியா?" என்று கேட்டேன்.

மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. "புது ஊரு, சின்னப் பசங்க. ஒருத்தர் விழுந்தா இன்னொருத்தர் தூக்கணும் இல்லையா?" என்றார். இரண்டாவது ஆளும் தூக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தோன்றவும் இல்லை.

அந்த இரண்டு பேரில் சின்னவன் வந்தது பனி நன்றாக இறுகிவிட்ட சமயத்தில். அவன் எனக்கு முதலில் ஒரு கோட்டாகத்தான் அறிமுகம். சபையில் யாரோ ஒரு பெரிய உடம்புக்காரர் கொடுத்த கோட்டு அது. தோள் முழங்கையில் தொங்கியது, கை விரலை மூடியது. உள்ளே ஆள் இருக்கிறானா என்று தேட வேண்டியிருந்தது. வெயிலைத் தவிர வேறு எதையும் பார்த்திராத ஊரிலிருந்து வந்தவன். காலில் போட்டிருந்த ஷூவைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாண வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போகிற ஷூ.

"அக்கா, இது நாளைக்குக் காலைல கிடைச்சிடுமா? நாளைலேருந்து வேதம் சொல்ல வீடு வீடாப் போகணும்" என்றான். பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. அவனுடைய அம்மா தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு அனுப்பியிருக்கிறாள், சபையே வாசலில் நின்று கையசைத்து வழியனுப்பியிருக்கிறது. கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னான். மற்ற வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு அதை முடித்துக் கொடுத்தேன். அந்தச் சிரிப்புக்கு யாராக இருந்தாலும் கொடுத்திருப்பார்கள்.

மறுநாள் காலை கோட்டைப் போட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, படியடியில் வந்து நின்றான். நின்றான், நின்றுகொண்டே இருந்தான். அவ்வப்போது தலையைத் தூக்கி மேலே பார்ப்பான். என் டீ ஆறி, நான் இரண்டாவது டீ போட்டுக் குடித்தும் ஆயிற்று. பெரியவன் இறங்கி வரவில்லை. கடைசியில் சின்னவன் ஷூ நாடாவை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் மாடி ஏறினான்.

பெரியவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியவன் என்றாலும் அவனும் சின்னப் பையன்தான், மீசை ஒழுங்காக முளைத்து நாலு நாள் ஆனவன். பனிக்கு முன்னால் வந்தான். ஆள் நல்ல உயரம். குளிக்கும்போது பாடுவான், பாட்டு சுமாராக இருந்தாலும் குரல் நன்றாக இருக்கும். என் துணி மூட்டையைப் பார்த்தால் கேட்காமலே தூக்குவான். அவனோடு இருந்தவன் ஊழியக் காலம் முடிந்து ஊருக்குப் போனான். அதே சமயத்தில்தான் பனியும் இறுகியது. அதற்குப் பிறகு பாட்டு நின்றுவிட்டது. ஜலதோஷம் என்று நினைத்து மிளகு போட்டு சூப் வைத்துப் படியில் வைத்தேன். கிண்ணம் அப்படியே திரும்பி வந்தது.

இப்போது மேலே ஒரு ஜோடிக் கால்தான் நடந்தது. குட்டி போட்ட பூனை மாதிரி ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருந்தது. இன்னொரு ஜோடிக் கால் குளியலறைக்குப் போவதைத் தவிர தரையில் பதியவே இல்லை.

சின்னவன் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தான். டீ போட்டுக் கட்டிலில் கொடுத்தான். பக்கத்தில் உட்கார்ந்து வேதம் படித்தான். முட்டி போட்டு ஜெபம் செய்தான். உபவாசம் இருந்தான், தான் பட்டினி கிடந்தால் பெரியவன் எழுந்து உட்கார்ந்துவிடுவான் என்று என்ன கணக்கோ. அறையைப் பெருக்கி, ஜன்னல் இடுக்கில் பழந்துணி திணித்து, ஈர சாக்ஸை நாற்காலி முதுகில் வரிசையாகக் காயப்போட்டு, தினமும் வெளியே போய்வருகிறவர்கள் அறை மாதிரியே எல்லாவற்றையும் செய்து வைத்தான். பெரியவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். "நாளைக்குப் போலாம் தம்பி" என்பான். தினமும் அதையேதான் சொன்னான்.

தினமும் சாயங்காலம் மிஷன் ஐயாவிடமிருந்து போன் வரும். அந்தப் போன் வந்தால் மட்டும் பெரியவன் எழுந்து உட்காருவான். தொண்டையைச் செருமிக்கொள்வான். பிறகு வருமே ஒரு குரல், கேட்கிற யாரும் ஏமாந்துபோவார்கள்.

"நல்லாப் போச்சு ஐயா. மேலத்தெருப் பக்கம் போனோம். உக்காரவச்சுப் பேசினாங்க. திரும்ப வரச் சொல்லியிருக்காங்க ஐயா. தம்பியா? ஜோரா இருக்கான். பனியெல்லாம் அவனுக்கு ஒண்ணுமே இல்ல."

போனை வைத்ததும் கட்டில் கிறீச்சிடும். மறுபடி கம்பளிக்குள்.

முதல் நாள் இதைக் கேட்டபோது சின்னவன் முகத்தில் ஈயாடியிருக்காது என்று நினைக்கிறேன். சில நாள் பொறுத்தான். பிறகு ஒரு காலையில் கேட்டுவிட்டான்.

"அண்ணா, நாம பொய் சொல்றோமே. ஐயாகிட்ட உண்மையைச் சொல்லிடலாமா?"

என் காலடியில் மெஷின் நின்றுபோனது. அதன் பிறகு பெரியவன் என்னவோ சொன்னான்; மெதுவாகச் சொன்னதால் எனக்குக் கேட்கவில்லை. அதற்கப்புறம் சின்னவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கேட்கவேண்டியது கேட்காமல், வேண்டாததெல்லாம் கேட்கும். அப்படிப்பட்ட ஓட்டை அது.

அன்றிலிருந்து சின்னவன் படிக்கட்டில் குடியேறினான். கோட்டும் ஷூவுமாகக் கீழ்ப்படியில் உட்கார்ந்திருப்பான். மாடிக்கதவு திறந்திருக்கும். காதை அங்கே வைத்துக்கொண்டு கண்ணால் என் கடைக் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்ப்பான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சறுக்கிக்கொண்டு போகும். ரொட்டி வண்டிக்காரன் வழுக்கி வழுக்கி வண்டியைத் தள்ளுவான். எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்து பனியைப் பார்த்து அலுத்துக்கொண்டு மறுபடி மூடிக்கொள்வாள். எல்லாவற்றையும் இவன் பசிக்காரன் சாப்பாட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பான்.

எனக்கு எரிச்சல் வந்தது. "அவன் வரலன்னா விடு. நீ போயிட்டு வா. எதிர்வீடு வரைக்கும் போய்வர உனக்கு எதுக்குத் துணை?"

"கூடாதுக்கா. போனா என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க."

"யாரு பாக்கப்போறா?"

அவன் மேலே கையைக் காட்டினான். மாடியைக் காட்டினானா, வானத்தைக் காட்டினானா தெரியவில்லை.

"சரி, என் வாசல்ல பனி மலையாக் குவிஞ்சு கெடக்கு. அதை வாரிப் போடலாமா, அதுக்கும் விதி இருக்கா?"

யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். வாசல் வீட்டைச் சேர்ந்ததுதானே, இரும்புக் கேட்டு வரைக்கும் வீடுதானே, மாடி ஜன்னலைத் திறந்து வைத்தால் கூப்பிட்ட குரல் கேட்குமே என்று வக்கீல் மாதிரி எனக்கே சட்டம் பேசிவிட்டு மண்வெட்டியை வாங்கினான். கேட்டு வரைக்கும் சுத்தமாக வாரினான். அதற்கு வெளியே ஒரு மண்வெட்டிப் பனியைக்கூடத் தொடவில்லை. என் வாசலும் தெருவும் சேருகிற இடத்தில் சுவர் வைத்தாற்போல் பனி அப்படியே நின்றது. கடைக்கு வருகிறவர்கள் அதைத் தாண்டிக் குதித்து வந்தார்கள். ஒருவர் விழுந்தும் வைத்தார். நான் திட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "கேட்டுக்கு அந்தப் பக்கம் வெளிய ஆயிடும்க்கா" என்றான்.

வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டுக்குப் பேசலாம். அந்த நாளில் அவன் படிக்கட்டிலிருந்து பேசுவதை நேராகவே கேட்டேன்.

"ஜனங்க ரொம்ப நல்ல மாதிரிம்மா. போற எடத்துல டீ குடுக்கறாங்க. இல்லம்மா, குளிரெல்லாம் பழகிடுச்சு. நெறைய நடக்கறேன், அதான் கொஞ்சம் இளைச்சிருப்பேன். நீ எல்லார்கிட்டயும் சொல்லு, நல்லாப் போயிட்டிருக்குன்னு."

டீ நான் கொடுத்தது. நடந்தது ஜன்னலுக்கும் கதவுக்கும். குரல் சின்னவனுடையது இல்லை. சாயங்காலப் போனில் பெரியவன் பேசுகிற அதே குரல், அதே கணீர். போனை வைத்தபிறகு இவனும் சுவர்ப்பக்கம் திரும்பிச் சாய்ந்துகொண்டான்.

அடுத்து வந்த ஒரு நாள் மத்தியானம். பனி கொட்டவில்லை, வெளிச்சம் மட்டும் கண் கூசியது. சின்னவன் படியிறங்கி நேராக என் மேஜைக்கு வந்தான். சவரம் செய்யாத முகம், கண்ணுக்குக் கீழே கறுப்பு.

"அக்கா, நான் கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன்."

"தனியாவா?"

"ஆமா. நீங்க மேல கொஞ்சம் உக்காருங்க. அறைக்குள்ள போகாதீங்க, பொம்பளைங்க வரக்கூடாது. மேல்படில உக்காருங்க. கதவைத் திறந்தே வைங்க. அவர் கண்ணுல படற மாதிரி இருங்க."

"கடையைப் போட்டுட்டு நான் எதுக்குடா அங்க போய் உக்காரணும்? அவன் என்ன கைக்குழந்தையா?"

அப்போதுதான் சொன்னான். நின்ற இடத்திலேயே, என் கத்திரிக்கோலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அன்று காலை எனக்குக் கேட்காமல் போனது இதுதான்: உண்மையைச் சொன்னால் பெரியவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவனுடைய அப்பா சபைக்குப் பெரிய மனிதர். எல்லார் முன்னாலும் மகன் தலையில் கை வைத்து அனுப்பினவர். பாதியில் திரும்பி வந்து அவர் முன்னால் நிற்க வேண்டி வந்தால் உயிரோடு இருக்க மாட்டேன் என்று பெரியவன் சொல்லியிருக்கிறான்.

"அதுலேருந்து நான் ஒழுங்காத் தூங்கலக்கா. அவர் மூச்சு கேக்குதான்னு பாத்துட்டே இருக்கேன். சொன்னா செத்துடுவார். சொல்லலன்னா இப்படியே கெடந்து... எனக்கும் அங்க மூச்சு முட்டுது. இன்னும் கொஞ்ச நேரம் அந்த அறைல இருந்தா நானும் படுத்துடுவேன்."

போடா என்றேன். உள்துணி பிரிக்க வேண்டிய ஒரு கோட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். கீழே கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. இத்தனை நாளில் அவன் தெருவுக்குப் போக அந்தக் கதவு திறந்தது அதுதான் முதல் தடவை.

மேல்படியில் உட்கார்ந்து தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன். அறை என் அறைதான், ஆனால் யாருடையதோ போல இருந்தது. இரண்டு கட்டில். நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற இடம். சின்னவனின் கட்டிலுக்கடியில் பை இன்னும் முழுசாகப் பிரிக்கப்படாமல் கிடந்தது. ஜன்னலின் உட்பக்கத்தில்கூடப் பனி பூத்திருந்தது. ஹீட்டர் என்னவோ எரிந்துகொண்டுதான் இருந்தது.

"தம்பி எங்க?" சுவரைப் பார்த்தபடியே பெரியவன் கேட்டான்.

"வெளிய போயிருக்கான்."

கம்பளி அசைந்தது. "தனியாவா?" எழுந்து உட்கார்ந்துவிட்டான். தாடி காடாக வளர்ந்திருந்தது. "அய்யோ அக்கா, அவனை அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டும். அவனாவது தப்பிச்சுப் போகட்டும்." எனக்குக் கோபம் அடங்கவில்லை. "நீ ஒருத்தன் எந்திரிக்கலன்னு அவன் என் படிக்கட்டுல வேர்விட்டு நிக்கறான். ஊழியம் செய்ய வந்தவன் என் வாசல்ல பனி வாரிட்டிருக்கான். என்னடா ஆச்சு உனக்கு?"

அழுவான் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரிச் சொன்னான்.

"ஷூ போடணும்னு தெரியுதுக்கா. கையை நீட்டணும், எடுக்கணும், காலை விடணும். தெரியுது. கை போக மாட்டேங்குது. படுத்துட்டே காலைலேருந்து அதையே பாத்துட்டிருக்கேன். இருட்டிடுது."

நான் டாக்டரும் இல்லை, போதகரும் இல்லை. தெரியாத இடத்தில் நான் கேள்வி கேட்பேன், அதுதான் என் பழக்கம். ஜிப்பு மாற்ற வருகிறவரையே ஏன் கிழிந்தது, எப்படிக் கிழிந்தது என்று குடைந்து எடுப்பவள்.

"சரி. உனக்கு இப்ப என்ன வேணும்?"

என்னைப் பார்த்தான். இந்தக் கேள்வியை அவனிடம் யாருமே கேட்டதில்லை போலிருக்கிறது.

"வீட்டுக்குப் போகணும்."

கையிலிருந்த கோட்டு நழுவிப் படியில் விழுந்தது. "அப்புறம் எதுக்குடா அந்தப் பையன்கிட்ட அப்படிச் சொன்ன?"

"என் வாயால ஐயாகிட்ட சொல்ல முடியலக்கா. போன் வந்தா அந்தக் குரல் தானா வந்துடுது. தம்பிகிட்ட அவ்வளவு பெருசாச் சொன்னா அவன் பயந்துபோய் அன்னிக்கே சொல்லிடுவான்னு நெனச்சேன். ஒவ்வொரு சாயங்காலமும் இப்பப் புடுங்குவான், இப்பப் புடுங்குவான்னு போனை அவன் பக்கமாவே வச்சுட்டுப் பேசினேன். அவன் புடுங்கல."

"உயிரோட இருக்க மாட்டேன்னது?"

"அதுவும் நெஜந்தான்" என்றான். "அங்க அப்பா முன்னாடி நிக்கறத நெனச்சாலே முடியல. இங்க இருக்கவும் முடியல. ரெண்டும் நெஜந்தான்க்கா."

ஆக, சின்னவன் சொல்லிவிடுவான் என்று பெரியவன் காத்திருக்கிறான். சொன்னால் செத்துவிடுவான் என்று சின்னவன் வாயைப் பூட்டிக்கொண்டு அவனைக் காவல் காக்கிறான். இரண்டு பேருக்குமே அடுத்தவன் மேல் பாசம். அந்தப் பாசமே தாழ்ப்பாளாக விழுந்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி மிஷன் ஐயாவின் வாசலில் இறக்கிவிட்டு வரலாம் போல இருந்தது.

சின்னவன் திரும்பி வந்தபோது முழங்கால் வரைக்கும் பனி. அந்தக் கல்யாண ஷூ ஊறி வாயைப் பிளந்திருந்தது. பஸ் ஸ்டாண்டு வரை போயிருக்கிறான். பஸ் நின்றுகொண்டிருந்ததாம். ஏறிவிடலாம் என்று நினைத்தானாம். கண்டக்டர் "வரியாப்பா?" என்று கேட்டதும் திரும்பி ஓடிவந்துவிட்டான்.

படியில் வைத்தே விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே என்னைத் தாண்டி ஏறி அறைக்குள் போனான். அவன் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல அண்ணா. வீட்டுக்குப் போகணும்னு ஒரு வார்த்தை. நான் தூங்காம உங்களைப் பாத்துட்டுக் கெடந்தேனே."

"தெரியும்" என்றான் பெரியவன். "நீ முழிச்சிருக்கறது தெரிஞ்சு எனக்கும் தூக்கம் வரல."

சின்னவன் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எனக்குக் கீழே கடை திறந்து கிடந்தது, நாலு பேர் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். நான் எழுந்து போகவில்லை.

சாயங்காலம் போன் அடித்தது. பெரியவன் பழக்கதோஷத்தில் தொண்டையைச் செருமினான். சின்னவன் எட்டிப் போனை எடுத்துக்கொண்டான்.

"ஐயா, நான் பேசறேன். நாங்க எந்த வீட்டுக்கும் போகல ஐயா. நான் வந்ததுலேருந்தே போகல. அண்ணாவுக்கு ரொம்ப முடியல. உயிரோட இருக்க மாட்டேன்னு சொல்றார். வீட்டுக்குப் போகணும்னும் சொல்றார். உடனே வாங்க." போனை மறுகைக்கு மாற்றினான். "இன்னிக்கு நான் தனியா வெளிய போனேன் ஐயா. அதையும் சொல்லிடறேன்."

கடைசியில் சொன்னதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். நானாக இருந்தால் மென்று முழுங்கியிருப்பேன்.

மறுநாள் காலையிலேயே மிஷன் ஐயா காரில் வந்து இறங்கினார், கூட ஒரு டாக்டரம்மா. திட்ட ஆரம்பித்தால் பதிலுக்குத் திட்ட நான் இடுப்பில் கை வைத்துத் தயாராக நின்றேன். வாய்ப்பே கொடுக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பெரியவனின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் குரலை நம்பிட்டேன்பா. நேர்ல வந்து பாத்திருக்கணும்" என்றார். இது நோய், மருந்து இருக்கிறது, நாளாகும், ஆனால் சரியாகும், இப்போதைக்குத் தனியாக விடக்கூடாது, வீட்டு மனிதர்களோடு இருக்கட்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

பிறகு ஐயா சின்னவன் பக்கம் திரும்பினார். தனியாகப் போனதை மன்னித்தாயிற்று. புது ஆள் வருகிற வரைக்கும் அவர் வீட்டிலேயே தங்கலாம். "உன் ஊழியம் இனிமேதான் ஆரம்பிக்குது" என்றார். சின்னவன் முகத்தில் பழைய சிரிப்பில் கால்வாசி திரும்பி வந்ததை நான் பார்த்தேன்.

அப்போது பெரியவன் சொன்னான். "தம்பியும் என்கூட வரட்டும் ஐயா."

"நானே வரேன்பா உன்கூட."

"அப்பா உங்களை வாசல்ல ஏத்த மாட்டார். எனக்குத் தெரியும். நான் தனியா அந்த வாசல்ல நிக்க மாட்டேன் ஐயா. இவன் வந்தா நிப்பேன்."

காலையிலேயே ஐயா அந்த அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறார். கிடைத்த பதில் அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. சின்னவன் பக்கம் திரும்பிச் சொன்னார். "பாதியில ஊர்ப்பக்கம் போறவங்களை மிஷன் மறுபடி அனுப்பறது இல்ல. எந்தக் காரணமா இருந்தாலும் சரி. நான் சொல்லிப் பாக்கலாம், ஆனா கேக்க மாட்டாங்க. யோசிச்சுச் சொல்லுப்பா."

சின்னவன் கீழே இறங்கி வந்து அவனுடைய படியில் உட்கார்ந்து அழுதான். முகத்தை மூடிக்கொள்ளாமல் அழுதான்.

"ஒரு வீட்டுக்குக்கூடப் போகலயேக்கா. அம்மாகிட்ட என்ன சொல்வேன்? எங்க தெருவுல எப்படி நடப்பேன்?"

நான் நல்ல புத்தி எதுவும் சொல்லவில்லை. எனக்கு இவன் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வந்த நாளிலிருந்து அடைபட்டுக் கிடந்தவன். கதவு திறக்கிற அன்று பார்த்து, வெளியே இன்னொரு கூண்டை வைத்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ போகாத" என்றேன். "அவனுக்கு அப்பா இருக்கார், ஐயா இருக்கார், டாக்டர் இருக்காங்க. நீ செஞ்சது போதும். நீ எதுக்கு வந்தியோ அதைப் பாரு. நாளைக்கே எதிர்வீட்டுக்குப் போ. அவ கதவைத் திறக்கலன்னா நான் வந்து திறக்க வைக்கிறேன்."

கேட்டுக்கொண்டான். மூக்கைத் துடைத்தான். "சரிக்கா" என்று எழுந்து மாடிக்குப் போனான். திரும்பி வந்தபோது ஒரு கையில் அவன் பை, இன்னொரு கையில் பெரியவனின் பை. பின்னால் பெரியவன் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். கீழ்ப்படியில் அவனை உட்காரவைத்து, சின்னவன் முட்டி போட்டு அவனுக்கு ஷூ மாட்டி நாடாவைக் கட்டினான். போய்வருகிறேன் என்று சொன்னதற்குக்கூட நான் திரும்பிப் பார்க்கவில்லை, மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். துணி கோணலாகப் போய் மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று.

சின்னவனை மிஷன் மறுபடி அனுப்பவில்லை. இப்போது அவன் ஊரில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். அவன் அம்மா கொஞ்ச நாள் தெருவில் தலைகாட்டாமல் இருந்துவிட்டு, பிறகு பழகிக்கொண்டாள். பெரியவன் மருந்து சாப்பிடுகிறான். நல்ல நாளும் இருக்கிறதாம், கெட்ட நாளும் இருக்கிறதாம். இதெல்லாம் சின்னவன் போனில் சொன்னது. பெரியவன் வீட்டில் போய்ச் சேர்ந்த அந்த நாளைப் பற்றி மட்டும் அவன் வாயைத் திறக்கவில்லை. நான் விடுவேனா? கேட்டுக் கேட்டு ஒரு நாள் வாங்கிவிட்டேன்.

ஐயா காரிலேயே இருந்துவிட்டார். இவர்கள் இரண்டு பேரும் போய் நின்றார்கள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆள் நடமாடுகிற சத்தம் கேட்டது. பெரியவன் கை தூக்கவில்லை. சின்னவன்தான் தட்டினான். யாரும் வரவில்லை. மறுபடி தட்டினான். வீட்டு வாசலில் நின்று எப்படிப் பேசுவது, முதல் வார்த்தை என்ன, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று பயிற்சியில் வாரக்கணக்காகச் சொல்லிக்கொடுத்திருந்தார்களாம். ஒன்றும் ஞாபகம் வரவில்லையாம்.

பாதிக் கதவு திறந்தது. அப்பா மகனைப் பார்க்கவில்லை, மகன் தோளுக்கு மேலாக இவனைப் பார்த்தார்.

"நீ யாரு?"

"உங்க பையன்கூட ஊழியத்துல இருந்தவன் ஐயா."

"நீயும் முடியாம ஓடிவந்துட்டியா?"

"ஆமாங்க ஐயா" என்றான் சின்னவன். "நானும் வந்துட்டேன். திட்டணும்னா என்னைத் திட்டுங்க, நான் போயிடறவன். அண்ணாவுக்கு உடம்பு சரியில்ல. நின்னா கால் நடுங்குது. உள்ள கூட்டிட்டுப் போங்க."

மனிதர் கதவில் வைத்த கையை எடுக்காமல் நின்றிருக்கிறார். இவர்களும் நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டேன், தெரியவில்லை என்றான். பிறகு அவர் ஒன்றும் பேசாமல் குனிந்து, மகன் காலடியிலிருந்த பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை.

போனில் அவனுக்குப் பின்னால் வேனில் பிள்ளைகள் இரைந்துகொண்டிருந்தன.

"என் ஊழியத்துல நான் தட்டினது அந்த ஒரு கதவுதான்க்கா" என்றான்.